மேடைக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் எமது கிராமங்களில் முதலில் உற்சாகம் அடைபவர்கள் பிள்ளைகள்தான். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தால் அதன் பின்னால் ஓடுவதும், வீசப்படும் துண்டுப்பிரசுரங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதும், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சும் இடத்தில் கூடி நிற்பதும் அவர்களே. கூட்டத் திடலில் கதிரைகள் பெரியவர்களுக்கு. மேடைக்கு மிக அருகில், மண்ணில் குந்தியிருப்பவர்கள் பிள்ளைகள். பேச்சாளர் வாக்காளரை நோக்கித்தான் பேசுகிறார். ஆனால் அவருடைய குரல் முதலில் போய்ச் சேருவது வாக்கு இல்லாத இந்தச் சின்னஞ்சிறுசுகளின் காதுகளுக்கே.

பெரியவர்களாகிய நாம் தேர்தல் பேச்சைத் தேர்தல் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறோம். "இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்" என்று பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கிறோம். புள்ளடி போட்டு, முடிவு வந்து, வெடி கொளுத்தி ஓய்ந்ததும் சொன்னவரும் மறந்துவிடுகிறார், கேட்டவர்களும் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு அப்படிக் கழித்துக் கேட்கத் தெரியாது. ஊரே கூடிக் கைதட்டிய பேச்சு அதற்கு முழு உண்மை. தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும். பிள்ளையின் மனதில் விழுந்த சொல் முடிவதில்லை.

பொய்யும் இனவாதமும் கலந்த தேர்தல் பிரசாரத்தைப் பற்றி அரசியல் விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம், யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதே அவர்களுடைய கணக்கு. எமக்கு முக்கியமானது வேறொரு கணக்கு. அந்தப் பிரசாரம் பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கிறது? அந்தப் படிப்புக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? வீடு வளவை விட்டு, விதைத்த வயலை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் இக்கேள்வியை மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடம்

இந்நாட்டில் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் படிப்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. பௌத்தப் பிள்ளைகள் தஹம் பாசலுக்குப் போகிறார்கள். சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதியா பாடசாலை, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் ஞாயிறு பாடசாலையும் உண்டு. வழிபாடு வேறு, வேதம் வேறு. ஆனால் நான்கு இடங்களிலும் ஒரு பாடம் ஒன்றேதான்: பொய் சொல்லாதே, அயலவனைப் பற்றி இல்லாததைச் சொல்லி அவனைக் கெடுக்காதே.

அதே கிழமை பின்னேரம் தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேர்தல் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே அயலவனைப் பற்றி இல்லாததைச் சொன்னவருக்கு மாலை விழுகிறது. பிள்ளை கேள்வி கேட்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது. காலையில் கேட்ட பாடம் வாயால் சொல்லப்பட்டது. பின்னேரம் பார்த்த பாடத்துக்கு ஊர் கைதட்டியது. எது மனதில் நிற்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அந்த மேடையில் பிள்ளை மூன்று பாடங்களைக் கற்கிறது. ஒன்று, பொய் சொல்வது கெட்டித்தனம். இரண்டு, எங்கள் கஷ்டங்களுக்கு மற்ற இனத்தவரே காரணம். மூன்று, எங்களோடு ஒத்துப்போகாதவன் துரோகி. இந்த மூன்று பாடங்களும் இந்நாட்டில் எப்படிப் படிப்பிக்கப்பட்டன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

வாக்குக்காக மாறிய கொள்கை

1944 ஆம் ஆண்டு ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்க சபையில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். அது திருத்தப்பட்டு, சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக வேண்டும் என்று நிறைவேறியது. சிங்களத் தலைவர்கள் பலர் அதற்கு ஆதரவளித்தனர். இரு மொழிகளும் வேண்டும் என்று அன்று சொன்னவர்களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் ஒருவர். பின்னர் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணம் வந்தபோது இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து தருவதாகச் சொன்னார்.

1956 தேர்தல் நெருங்கியதும் இவையெல்லாம் காற்றில் போயின. சிங்களம் மட்டும் என்பதில் வாக்கு இருக்கிறது என்று கண்டதும் சுதந்திரக் கட்சி அதன் பக்கம் சாய்ந்தது. அதைக் கண்டு பயந்த ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் களனியில் கூடித் தானும் சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் செய்து காட்டுவேன் என்ற பண்டாரநாயக்க பெருவெற்றி பெற்றார். ஐக்கிய தேசியக் கட்சிக்கு மிஞ்சியது 8 ஆசனங்கள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். ஆங்கிலமே அவருக்கு இலகுவாக வந்த மொழி. தமிழ் விவசாயியால் சிங்கள விவசாயிக்குக் கேடு வருகிறது என்று அவர் மனதார நம்பியிருப்பார் என எம்மால் எண்ண முடியவில்லை. சிங்களக் கிராமத்து ஆசிரியருக்கும் சுதேச வைத்தியருக்கும் ஆங்கில ஆட்சியில் உண்மையான குறைகள் இருந்தன. அவர்களுடைய மொழிக்கு உரிய இடம் கேட்டது நியாயமே. அந்த நியாயமான குறையை எடுத்து, அதற்குக் காரணம் தமிழன் என்று திருப்பிவிட்டதுதான் பொய். இனவாதப் பிரசாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. வயிற்றிலுள்ள பசி உண்மையானது. பசிக்குக் காரணம் என்று காட்டப்படும் ஆள்தான் பொய்.

1956 யூன் 5 ஆம் திகதி மொழி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் தாக்கப்பட்டனர். அதே மாதம் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கமக்காரக் குடும்பங்கள் தாக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். தேர்தல் மேடையில் விதைத்தது இரண்டு மாதத்தில் வயல்கரையில் விளைந்தது. முதலில் அடிபட்டவர்களுள் எம்மைப் போன்ற விவசாயிகளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒருவர் கட்ட, மற்றவர் உடைக்க

1957 யூலையில் பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தார்கள். அதை எதிர்த்து ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. ஆனால் எதிர்ப்பு நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்ததும் உடன்படிக்கை கிழிக்கப்பட்டது. அடுத்த மாதம் கலவரம் வெடித்தது. பொலன்னறுவைப் பகுதியில் அரச பண்ணைகளில் கூலிக்கு நின்ற தமிழ்த் தொழிலாளர்களும் கொலையுண்டனர்.

1965 இல் பாத்திரங்கள் இடம் மாறின. இம்முறை செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க. எதிர்த்தவர்கள் சுதந்திரக் கட்சியினர். அவர்களோடு இடதுசாரிகளும் சேர்ந்துகொண்டனர் என்பதே வேதனை. 1956 இல் ஒரு மொழியானால் நாடு இரண்டாகும் என்று துணிந்து எச்சரித்தவர் சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அதே கட்சியினர் பத்து வருடத்தின் பின் "டட்லியின் வயிற்றில் மசாலா வடை" என்று தெருவில் கோஷம் போட்டார்கள். தமிழரோடு பேசியவர் தமிழரின் வடையைத் தின்றவராம். 1966 சனவரி 8 ஆம் திகதி நடந்த ஆர்ப்பாட்டத்தில் பொலிசார் சுட்டு ஓர் இளம் பிக்கு இறந்தார். ஒப்பந்தம் நிறைவேறவில்லை. 1972 இல் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஆட்சிமொழியாக எழுதிய அமைச்சரும் அதே கொல்வின்தான்.

அந்த வடைக் கோஷம் சிங்களத்தில் எதுகையோடு அமைந்தது. சிறுபிள்ளை ஒருமுறை கேட்டால் போதும், விளையாடும்போதும் சொல்லித் திரியும். அதில் ஆபத்து இருப்பதாகத் தாய்க்கும் தோன்றாது, சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்போடு, தமிழரோடு சமாதானமாகப் பேசுவது வெட்கக்கேடு என்ற எண்ணமும் பிள்ளைக்குள் இறங்கிவிடுகிறது. இனவாதம் எப்போதும் கோபமான முகத்தோடுதான் வரும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பகிடியாகவும் வரும், பாட்டாகவும் வரும்.

பத்து வயதுச் சிறுவனின் கணக்கு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1956 இல் தகப்பனின் தோளில் இருந்து மேடைப் பேச்சைக் கேட்ட சிறுவனுக்குப் பத்து வயது என்று வைத்துக்கொள்வோம். 1958 இல் அவனுக்கு 12 வயது. தெருவில் நடந்ததை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருப்பான். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் அவனுக்கு 31 வயது. 1983 யூலையில் 37 வயது. அப்போது அவனுக்கும் பத்து வயதில் ஒரு மகன் இருந்திருப்பான்.

1983 இல் கொழும்பில் வீடுகளுக்குத் தீ வைத்தவர்களுக்கு வாக்காளர் இடாப்பிலிருந்து முகவரி எடுத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இவர்கள் ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. 27 வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள். தேர்தலில் வாக்களிப்பதற்காக எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் வீடெரிக்கும் பட்டியலாக மாறியதைவிட இதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இவ்விதழின் வாசகர்களிலும் இருக்கின்றன. மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப்பட்ட பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

எமது மேடைகள்

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையசைப்பது எமக்கு இலகு. இனிச் சொல்வது கசக்கும்.

தமிழ் மேடைகள் சத்தியத்தை மட்டும் பேசியவை அல்ல. எழுபதுகளில் எமது கூட்டங்களில் அதிகம் ஒலித்த சொல் "துரோகி" என்பது. வேறு கட்சியில் நின்றவர், அரசாங்கத்தோடு பேசியவர், மாற்றுக் கருத்துச் சொன்னவர் எல்லாரும் துரோகிகள். இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டார்கள். மேடை அதை ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா அவ்விதம் துரோகி எனப்பட்டவர். 1975 யூலை 27 ஆம் திகதி பொன்னாலையில், கோயிலுக்கு வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தவறென்று உரத்துச் சொல்ல முன்வந்தவர்கள் மிகச் சிலரே.

1977 இல் தமிழீழத்துக்கு ஆணை கேட்டு வாக்குப் பெற்ற கூட்டணிக்கு 18 ஆசனங்கள் கிடைத்தன. 1981 இல் அதே கூட்டணி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் நின்றது. மாவட்டச் சபையை ஏற்றதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் மேடையில் அள்ளி வீசிய வாக்குறுதிக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையிலிருந்த தூரத்தை மக்களுக்கு நேர்மையாக எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? மேடைப் பேச்சை முழு உண்மையாக நம்பிய பிள்ளைகள் அதற்குள் இளைஞராகியிருந்தார்கள். துரோகி என்ற சொல்லை இப்போது தலைவர்களை நோக்கியே திருப்பினார்கள். 1989 யூலை 13 ஆம் திகதி அ. அமிர்தலிங்கம் கொழும்பில் தமிழ் இளைஞர்களாலேயே கொல்லப்பட்டார். கொலையை எவ்விதத்திலும் நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. மேடையில் பழக்கிய சொல் யாருடைய கட்டுப்பாட்டிலும் நிற்காது என்பதற்காகவே சொல்கிறோம்.

இன்றும் எமது பக்கத்தில் இது ஓய்ந்துவிடவில்லை. கிழக்கில் வாக்குக் கேட்கும்போது முஸ்லிம்களைக் காட்டிப் பயமுறுத்துவோரும், முஸ்லிம் வாக்குக்காகத் தமிழரைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. வன்னியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களை, வாக்கு வேண்டும்போது தமிழர் என்றும், காணி கேட்கும்போது வந்தான் வரத்தான் என்றும் பேசுவோர் உண்டு. வடக்கில் சாதியை மேடையில் சொல்லாமல் வீடு வீடாகச் சென்று காதுக்குள் சொல்லுவோரும் உண்டு. பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சும் கேட்கும், காதுக்குள் சொல்வதும் கேட்கும்.

பிறருக்கு எதிராகப் பழகிய கை

இனவாதத்துக்கும் களவுக்கும் நெருங்கிய உறவுண்டு. 1981 யூன் 4 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன் தெற்கிலிருந்து பொலிசாரும் குண்டர்களும் கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்தனர். அந்த நாட்களில்தான் சுமார் 97,000 நூல்களோடு யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஒரு தேர்தலை வெல்லும் அவசரத்தில் பல தலைமுறைப் பிள்ளைகளின் புத்தகங்கள் சாம்பலாயின. வாக்குப் பெட்டிகளிலும் மோசடி நடந்தது. தெற்கில் இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. நடந்தது தமிழருக்குத்தானே என்று இருந்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி, நாடு முழுவதும் சர்வசன வாக்கெடுப்பு. விளக்குக்குப் புள்ளடி போட்டால் இருக்கும் பாராளுமன்றம் தேர்தலின்றி இன்னும் ஆறு வருடம் நீடிக்கும். குடத்துக்குப் போட்டால் நீடிக்காது. மிரட்டலும் கள்ளவாக்கும் இம்முறை சிங்கள ஊர்களிலும் புகுந்தன. விளக்கு வென்றது. 1977 தேர்தலுக்கு மறுமாதம் 18 வயதடைந்த ஒருவர், தமது முதலாவது பாராளுமன்றப் பொதுத் தேர்தலில் வாக்களிக்க 1989 வரை, 29 வயதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1983 கலவரத்தின் பழியை அரசாங்கம் இடதுசாரிக் கட்சிகள்மேல் போட்டு மூன்று கட்சிகளைத் தடைசெய்தது. அதில் ஒன்றான மக்கள் விடுதலை முன்னணி தலைமறைவாகியது. 1987 முதல் 1989 வரை தெற்கில் ஆறுகளில் மிதந்த உடல்கள் சிங்களத் தாய்மார் பெற்ற பிள்ளைகளுடையவை.

மற்ற இனத்துக்கு எதிராகப் பொய்யும் களவும் பழகிய கை சொந்த இனத்தின் வீட்டுக் கதவையும் தட்டும். இதைச் சிங்கள மக்களும் அனுபவித்தார்கள், நாமும் அனுபவித்தோம்.

மாக்கட்டி மாத்திரையான கதை

இது பழைய கதை என்று யாரும் சொல்லக்கூடும். ஆகவே அண்மைய காலத்தையும் பார்ப்போம்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில், சாப்பாட்டில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்று கலகம் எழுந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாத்திரையல்ல, மாக்கட்டி என்று தெரியவந்தது. உண்மை வரும் முன்பே திகனயில் வீடுகள் எரிந்துவிட்டன. கைத்தொலைபேசியில் பொய் பரவிய வேகத்தைக் கண்டு, அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சாவைக்கூட வாக்காக மாற்ற ஆட்கள் இருந்தார்கள். மறுமாதமே குருணாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் எழுதியது. அவர் கைதுசெய்யப்பட்டார். புலனாய்வுத் துறை தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லை. 2022 இல் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டு, நிலுவைச் சம்பளமும் கிடைத்தபோது, அவர் அந்தப் பணத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். மருந்துத் தட்டுப்பாட்டில் நாடே தவித்த காலம் அது. பொய் முன்பக்கத்தில் வந்தது. இந்தச் செய்தி எத்தனை பிள்ளைகளின் காதுக்குப் போயிருக்கும்?

அந்தப் பயத்தின் சூழலில்தான் 2019 நவம்பர் 16 சனாதிபதித் தேர்தல் நடந்தது. நாட்டைக் காப்பாற்ற வந்தவர் என்று கோத்தாபய ராஜபக்ஷவுக்கு நூற்றுக்கு 52 பேர் வாக்களித்தனர். சேதனப் பசளைக்குப் பத்து வருடத்தில் மாறுவோம் என்று அவருடைய தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. யூரியா இல்லாமல் மஞ்சளாய் வெளிறிய வயலைப் பார்த்து நின்ற கமக்காரன் பொலன்னறுவையிலும் அழுதான், கிளிநொச்சியிலும் அழுதான், சம்மாந்துறையிலும் அழுதான். நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மூவினத்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பயத்தைப் பார்த்து வாக்களித்தால், வாக்குக் கேட்டவர் எமது வயலுக்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்க மறந்துவிடுவோம். இனவாதப் பிரசாரத்தின் நோக்கமும் அதுதான்.

பன்றி நெல்

கமக்காரருக்குப் பன்றி நெல்லைத் தெரியும். முளைக்கும்போது நல்ல நெல்லைப் போலவே இருக்கும். களை பிடுங்கப் போனவருக்கு எது நெல், எது களை என்று தெரியாது. கதிர் வந்த பிறகுதான் அடையாளம் தெரியும். ஆனால் அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து, அடுத்த போகத்துக்கும் விதையாக மண்ணில் கிடந்துவிடும். ஆகவேதான் அனுபவசாலிகள் விதைநெல் எடுக்கும்போதே கவனமாகப் பார்த்துத் தெரிவுசெய்வார்கள்.

இனவாதமும் இனப்பற்றைப் போலவே முளைக்கிறது. சொந்த மொழியை நேசிப்பதும், பறிபோன காணியைக் கேட்பதும், காணாமற்போன பிள்ளையைத் தேடுவதும் நியாயம். அது நல்ல நெல். அந்தக் கோரிக்கைகளைக் கைவிடும்படி நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். அடுத்த இனத்தவன் எல்லாரும் கெட்டவன், அவனுக்கு எதிராகச் சொல்லும் பொய் பொய்யாகாது என்பது பன்றி நெல். இரண்டையும் பிரித்தறிய வளர்ந்தவருக்கே கஷ்டம். பிள்ளைக்குப் பிரித்துக் காட்ட நாம்தான் இருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

தலைவர்கள் திருந்தட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். எமது கையில் உள்ளதைச் சொல்கிறோம்.

1. வாக்குறுதியை எழுதி வையுங்கள். வேட்பாளர் கிராமத்துக்கு வந்தால், கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ அவர் சொல்வதைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் திகதியோடு எழுதட்டும். அவரிடமே கையொப்பம் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து, பிள்ளைகளும் இருக்கும் கூட்டத்தில் அதை வாசியுங்கள். சொன்ன சொல்லுக்குக் கணக்குக் கேட்கப்படும் என்பதைப் பிள்ளை கண்ணால் காணட்டும்.

2. பிள்ளைகளைப் பிரசாரத்துக்கு விடாதீர்கள். சுவரொட்டி ஒட்டவும், துண்டுப்பிரசுரம் கொடுக்கவும், வெயிலில் மாலையோடு நின்று வேட்பாளரை வரவேற்கவும் அவர்களை அனுப்ப வேண்டாம்.

3. பகிடியை அப்படியே விட்டுவிடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் யாராவது சிங்களவரையோ முஸ்லிம்களையோ மலையக மக்களையோ இழிவாகப் பேசினால், பிள்ளை கேட்கும்படியாகவே ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லுங்கள். நீண்ட உபதேசம் தேவையில்லை. "அப்படிச் சொல்லாதீங்கோ, இடம்பெயர்ந்து வந்த வழியில் எங்களுக்குத் தண்ணீர் தந்த ஆக்களும் அவையளுக்குள்ள இருந்தவை" என்றால் போதும்.

4. வாட்ஸ்அப்பில் வந்ததை உடனே மற்றவருக்கு அனுப்பாதீர்கள். யார் சொன்னது, கண்டவர் யார், எப்போது நடந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். மாக்கட்டி மாத்திரையானது இந்த மூன்று கேள்விகளையும் யாரும் கேட்காததால்தான்.

5. போத்தலையும் தகரத்தையும் வாக்குக்காக வாங்காதீர்கள். வாக்குக்காகப் பணமோ பொருளோ சாப்பாடோ குடிவகையோ கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றம், வாங்குவதும் குற்றம். இடம்பெயர்ந்தவரின் வறுமையைப் பார்த்தே இவை எமது கொட்டில்களுக்கு வருகின்றன. நிவாரணம் எமது உரிமை; அதை யாரும் தம் சொந்தப் பணத்தில் தந்ததுபோலக் காட்டினால் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்துக்கோ, பவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கோ அறிவியுங்கள்.

நம்பிக்கைக்கு இடமுண்டு. 2024 செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலிலும் நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலிலும் இனவாதக் கோஷம் முன்னரைப் போல உரத்து ஒலிக்கவில்லை. தெற்கில் வென்ற தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6 ஆசனங்களில் 3 கிடைத்தன. ஒரு கட்சியைப் பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதன் தாய்க்கட்சியான மக்கள் விடுதலை முன்னணியும் ஆரம்ப காலத்தில் இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பு நடத்தி, மலையகத் தொழிலாளரைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழக்கிய கட்சிதான். இனவாதம் பேசாமலும் வாக்குப் பெறலாம் என்பதை நாடு ஒருமுறை கண்டது என்பதே எமக்கு முக்கியம். அது தொடருமா என்பது அடுத்த மேடையில் யார் ஏறுகிறார் என்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்பதிலும் தங்கியிருக்கிறது. மேடைக்குக் கீழே, மண்ணில் குந்தியிருக்கும் பிள்ளை பேச்சாளரை மட்டும் பார்ப்பதில்லை. திரும்பி எங்கள் கைகளையும் பார்க்கிறது.

குழுக்களில் கலந்துரையாட

1. கடந்த தேர்தலில் எமது கிராமத்துக்குத் தரப்பட்ட வாக்குறுதிகள் எவை? நிறைவேறியவை எவை?

2. மற்ற இனத்தவரைப் பற்றி எமது பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள்? அதை யாரிடமிருந்து கற்றார்கள்?

3. எமது உரிமைகளை, மற்றவரை இழிவுபடுத்தாமல் உறுதியாகக் கேட்பது எப்படி?

4. மேலே சொன்ன ஐந்தில், அடுத்த கூட்டத்துக்கு முன் எமது சங்கம் எதைத் தொடங்கலாம்?